இருபத்தோரு துணி காய்ந்த கொடி

மேற்கே மலை பிளந்து கிடக்கிற கணவாய் வழியாக வைகாசிக் கடைசியில் உள்ளே நுழைந்து, புரட்டாசி பிறக்கிறவரை பெண்களின் முந்தானையையும் பெட்டிக்கடையில் தொங்கும் ஷாம்புச் சரத்தையும் முற்றத்தில் காயும் வத்தலையும் ஒரு நாள்கூடச் சும்மா விடாத காற்றுதான் சங்கன்விளைக்கு வாய்த்த காற்று. அந்தக் காற்றை நம்பி ஊரைச் சுற்றி நூற்றுச் சொச்சம் காற்றாலைகள் வந்து நின்றன, அவற்றை ஊர்க்காரர்கள் காத்தாடி என்றே சொன்னார்கள், அப்படி ஒரு காத்தாடியின் காலடியில் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து காவல் காத்தவன் சுயம்புலிங்கம், அவன் பெண்டாட்டி செல்வகனி, அவர்களுக்குப் பிறந்த முதல் பிள்ளை முத்தரசி. பிறந்த ஒன்பதாம் நாளிலிருந்து முத்தரசி பாதி தொட்டிலிலும் பாதி துணிக்கொடியிலுமாக வளர்ந்தாள். ஊர் அதைப் பழகிக்கொண்டது. செல்வகனியால்தான் பழகிக்கொள்ள முடியவில்லை.

மொத்தம் இருபத்தோரு மூத்திரத்துணி. புதுத்துணி பிள்ளைத் தோலை அறுக்கும் என்று சுயம்புலிங்கத்தின் பழைய வேட்டிகள் நான்கைக் கிழித்துச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருந்தார்கள். பச்சைக்கரை வேட்டியில் கிழித்தது ஐந்து, நீலக்கரையில் ஆறு, மீதி வெறும் வெள்ளை. முக்கோணமாக மடித்து, கால் நடுவே வாலை இழுத்து, இடுப்பில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்வதற்குள் நனைந்துவிடும். அவிழ்த்து வேறு கட்டினால் அதற்காகவே காத்திருந்த மாதிரி வெளிக்கும் போய்விடும். செல்வகனி விடிந்ததும் பீயை வழித்துக் கொட்டுவாள், ஒரு வாளியில் அலசுவாள், மறு வாளியில் சோப்புப் போட்டு ஊறவைப்பாள், கசக்குவாள், மறுபடி அலசுவாள், கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால் தொட்டிலுக்கு அடியில் சொட்டு விழுந்துகொண்டிருக்கும்.

ஒன்பதாம் நாள் காலை தொப்புள்கொடி காய்ந்து விழுந்தது. விழுந்த கொடியை மஞ்சள்துணியில் முடிந்து வைத்து, பிறகு வெள்ளித் தாயத்தில் அடைத்துப் பிள்ளையின் அரையில் கட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். செல்வகனி அது விழுந்ததைப் பார்க்கவில்லை. தூக்கம் இல்லாத கண், முலைக்காம்பெல்லாம் புண், ஒரு கை தொட்டிலை ஆட்ட மறு கை துணியைச் சுருட்டி வாளிக்குள் போட்டது. கொடி துணியோடு துணியாக நுரைக்குள் போய், அலசிய தண்ணீரோடு சாக்கடைக்குள் போய், தேடிப் பார்க்க ஆள் வந்தபோது கடல் பக்கம் போயிருந்தது.

"தொப்புள்கொடியத் தொலச்சிட்டு, அந்தத் துணியக் கொண்டுபோயி துணிக்கொடியில தொங்கவிட்டா, உசுரு எந்தக் கொடின்னு தெரியாம அங்கன போயி ஒட்டிக்கிட்டு" என்று பிற்பாடு ஊரில் சொன்னார்கள். அதற்கு மேல் காரணம் கேட்டு யாரும் நேரத்தை வீணாக்கவில்லை.

ஆனால் முதலில் அதைக் கண்டுபிடித்தது புஷ்பகாந்தி. சுயம்புலிங்கத்தின் அக்காள், பக்கத்து வீட்டிலேயே கட்டிக்கொடுத்தவள், கல்யாணமாகிப் பதினொரு வருஷமாகப் பிள்ளை இல்லாதவள். தம்பி பிள்ளைக்குச் செய்கிறோம் என்ற ஆசையில் அன்று வாளியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பிள்ளைத்துணியை முறுக்கிப் பிழியக் கூடாது, பிழிந்தால் பிள்ளை உடம்பை முறுக்கும், உள்ளங்கையில் வைத்து அமுக்கித்தான் தண்ணீரை வடிக்க வேண்டும் என்பது அந்த ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். புஷ்பகாந்திக்கும் தெரியும். ஆனால் பதினொரு வருஷமாகப் பெரியவர்கள் துணியை மட்டுமே பிழிந்து பழகிய கை, அறிவைக் கேட்காமல் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டது.

உள்ளே தொட்டிலில் முத்தரசி முறுக்கிக்கொண்டாள். எல்லாப் பிள்ளையும் முகம் சிவக்க நெளியுமே, அந்த முறுக்கல் இல்லை. தோள் இரண்டும் சுவரைப் பார்க்க, கால் இரண்டும் கதவைப் பார்க்க, நடுவில் இடுப்பு, துணி எத்தனை சுற்று சுற்றியதோ அத்தனை சுற்று சுற்றி நின்றது. செல்வகனி போட்ட அலறலில் புஷ்பகாந்தி துணியைக் கீழே போட்டாள். துணி பிரிந்தது, பிள்ளையும் பிரிந்து, மூச்சை இழுத்து, வீறிட்டு அழுதது.

"என்னளா ஆச்சி?"

"பிள்ள... மைனி, பிள்ள முறுக்கிக்கிட்டு!"

புஷ்பகாந்தி துணியைப் பார்த்தாள், தொட்டிலைப் பார்த்தாள். நம்பாமல், துணியின் ஒரு முனையை மட்டும் இரண்டு விரலால் திருகினாள். உள்ளே பிள்ளையின் இடதுகால் பெருவிரல் மெதுவாகத் திரும்பியது. புஷ்பகாந்தி இரண்டு கையையும் சேலைக்குள் மறைத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. "நாங்க சொன்னப்ப கேட்டியளா? இப்ப பாத்தியளா?" என்று தங்கள் பேச்சு மெய்யாகிப்போன பெருமைதான் பெண்கள் முகத்தில் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு சட்டம் போட்டுவிட்டுப் போனார்கள். வெந்நீரில் முக்கக் கூடாது, பிள்ளைக்குச் சுரம் காணும். கல்லில் அடிக்கவே கூடாது. நீலம் போடக் கூடாது, பிள்ளை உதடு நீலம் பாரிக்கும். விளக்கு வைக்கும் முன்னால் எடுத்துவிட வேண்டும். எதிர்வீட்டுக்காரி தன் ஆடுகளை வேறு பக்கம் மாற்றிக் கட்டினாள். புரோட்டாக்கடைக்காரர் புகைக்குழாயைக் கிழக்கே திருப்பினார். கொடிக்குக் கீழே போகிற ஆண்கள் கோயில் வாசலைக் கடப்பதுபோலத் தலையைக் குனிந்து போனார்கள். அங்கன்வாடி டீச்சர் எடை போட்டுப் பார்த்துவிட்டு, துணி ஈரமாக இருக்கும்போது பிள்ளை முந்நூறு கிராம் கூடுதலாகவும் காய்ந்த பிறகு சரியாகவும் இருப்பதைக் கண்டு, இனி சாயங்காலம் மட்டும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னாள்.

வசதியும் இருந்தது, இல்லை என்று சொல்லக் கூடாது. பிள்ளை தூங்காவிட்டால் கொடியைப் பையத் தட்டிவிட்டால் போதும், துணி ஆட, அது கொட்டாவி விட்டுக் கண்ணை மூடும். வியர்க்குரு வந்தால் ஒரு துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து நிழலில் போடுவார்கள். "குடுத்துவச்சவ நீ. எம் பிள்ளையையும் இப்பிடிக் கொடியில போட்டுட்டுப் போக முடிஞ்சா நான் நிம்மதியா பீடி சுத்துவேன்" என்று எதிர்வீட்டுக்காரி சொன்னபோது, செல்வகனிக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது.

பயம் என்றால் சாதாரணப் பயமா? ஒரு பிள்ளையை மடியில் வைத்துக் காப்பாற்றுவது ஒன்று, ஒரு பிள்ளையை இருபத்தோரு துண்டாகக் கொடியில் காயப்போட்டுக் காப்பாற்றுவது வேறு. காகம் வந்து கொடியில் உட்கார்ந்தால் இவள் நெஞ்சில் உட்கார்ந்தது. கிளிப் இறுக்கமாக இருந்தால் பிள்ளையின் காதில் சிவப்பாக ஒரு தடம், தளர்ந்திருந்தால் துணி பறந்துவிடுமோ என்ற நடுக்கம். சோறு வாயில் இருக்கும்போதே எழுந்து போய் எண்ணுவாள். பதினேழு கொடியில், மூன்று வாளியில், ஒன்று பிள்ளை இடுப்பில். சரி. திரும்பி வந்து உட்காருவாள், மறுபடி எழுந்து போவாள். பிள்ளை பக்கத்தில் சிரித்துக்கொண்டு கிடக்கும்போது இவள் கண் ஜன்னல் வழியே கொடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பெற்ற பிள்ளையின் முகத்தை ஆசைதீரப் பார்த்த நேரத்தைவிட அதன் மூத்திரத்துணியைப் பார்த்த நேரம்தான் அதிகம் என்று நினைத்து ஒரு நாள் அழுதாள்.

அவள் படுகிற பாட்டைப் பார்க்க முடியாமல் சுயம்புலிங்கம் பணகுடிக்குப் போய்க் கடை டயப்பர் ஒரு பாக்கெட் வாங்கி வந்தான். "இத மாட்டு, நனஞ்சா தூரப் போடு, சோலி முடிஞ்சி" என்றான். மாட்டினார்கள். நனைந்தது. தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டார்கள். பத்து மணிக்குக் குப்பை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போயிற்று. பத்தரைக்கு முத்தரசியின் உடம்பு கொதிக்கத் தொடங்கியது. நெற்றியில் கை வைக்க முடியவில்லை. ஊருக்கு வெளியே குப்பைமேட்டில் புகை கிளம்புவதைச் செல்வகனி வாசலில் நின்று பார்த்தாள். சுயம்புலிங்கம் சைக்கிளை மிதித்துப் போய், எரிகிற குப்பைக்குள் கையை விட்டு, ஓரம் கருகிய அந்தப் பொதியை வெளியே இழுத்துத் தண்ணீரில் போட்டபிறகுதான் பிள்ளைக்கு வியர்த்தது. மிச்ச டயப்பரைப் பரண்மேல் தூக்கிப் போட்டார்கள். துணியாவது வீட்டுக்குத் திரும்பி வருகிறதே என்று செல்வகனி மறுபடி வாளியின் முன்னால் உட்கார்ந்தாள்.

பிறகு ஆடி வந்தது.

ஆடிக்காற்றுக்குப் பயந்து துணிக்கு மூன்று கிளிப் போட்டாள், பிறகு நாலு போட்டாள், வீட்டுக்குள்ளேயே கொடி கட்டினாள், உள்ளே காயாமல் ஈரவாடை அடித்துப் பிள்ளைக்குச் சளி பிடித்ததும் மறுபடி வெளியே கட்டினாள். ஆடி இரண்டாம் செவ்வாய், மத்தியானம் பன்னிரண்டு மணி. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்து எண்ணினாள். பதினாறு. மறுபடி எண்ணினாள். பதினாறுதான். கொடியில் நாலு கிளிப்புகள் எதையும் பிடிக்காமல் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. பச்சைக்கரையில் ஒன்றைக் காணவில்லை.

வீட்டுக்குள் ஓடினாள். சேலைத்தொட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் ஆட்டவில்லை, பிள்ளை உள்ளே சுற்ற, சேலை முறுக்கேறி முறுக்கேறி உத்தரத்துக் கொக்கி கிறீச்சிட்டது. தூக்கி மடியில் போட்டாள். மடியிலும் சுற்றினாள் முத்தரசி. தலை மேலே வந்தது, பக்கவாட்டில் போனது, கீழே போனது, மறுபடி மேலே வந்தது. கண் செருகியிருந்தது. அழவில்லை. அழுதிருந்தாலாவது தேவலை.

"எக்கா! எப்பா! யாராவது வாங்களேன்!"

வாசலில் கூட்டம் கூடி, எல்லாரும் ஒன்றாக மேற்கே பார்த்தார்கள். சுயம்புலிங்கம் காவல் காக்கிற காத்தாடியின் மூன்று இறக்கைகளில் ஒன்றில், பொட்டுப்போல வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தது. அது மேலே போனபோது பிள்ளையின் தலை மேலே வந்தது. அது கீழே வந்தபோது பிள்ளையின் தலை கீழே போனது.

அப்போது செல்வகனிக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. பிள்ளை எங்கே இருக்கிறாள்? மடியில் இருக்கிறாளா, வானத்திலா? இங்கே இருந்து பிடித்துக்கொள்வதா, அங்கே ஓடுவதா? கூட்டத்தின் பின்னால், இத்தனை மாதமும் பிள்ளையைத் தொடாமல் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டே திரிந்த புஷ்பகாந்தி நின்றாள். செல்வகனி நேராக அவளிடம் போனாள்.

"மைனி, பிடிங்க."

"ஏளா, நானா? என் கையிலயா?"

"நீங்கதான். கழுத்த விட்டுறாதீங்க, அது சுத்துனா நீங்களும் கூடச் சுத்துங்க. உங்க போனைப் பக்கத்துல வச்சிக்கிடுங்க, நான் கூப்பிடுதேன்."

பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஓடினாள். பின்னால் தெருவே ஓடியது. பெண்கள் தங்கள் கொடிகளில் காய்ந்த போர்வையையும் சேலையையும் உருவிக்கொண்டு ஓடினார்கள், எதற்கென்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

இறக்கையில் துணியைக் கண்டுவிட்ட சுயம்புலிங்கம் கொட்டகை வாசலில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தான். "சார், நிறுத்தணும் சார்... பழுது ஒண்ணும் இல்ல சார்... எம் பிள்ள சார்!" மறுமுனையில் இருந்த என்ஜினியருக்கு ஒன்றும் விளங்கவில்லை. காற்று இப்படி அடிக்கிற நேரத்தில் எவனாவது நிறுத்துவானா என்று கேட்டார். பழுது பார்க்க வந்திருந்த ஸ்டான்லி என்ற டெக்னீசியன், பக்கத்து ஊர்க்காரன், விஷயம் தெரிந்தவன், போனை வாங்கி அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கோபுரத்தின் கதவைத் திறந்தான்.

"பைய நிறுத்துங்க!" செல்வகனி அவன் கையைப் பிடித்தாள். "சட்டுனு நிறுத்திராதீங்க, பிள்ள கழுத்து தாங்காது. பைய. பைய."

"பயப்படாதீங்கக்கா. பையத்தான்."

இறக்கைகள் மெதுவாயின. செல்வகனி இடுப்பில் செருகியிருந்த போனில் புஷ்பகாந்தியின் குரல் இரைத்தது. "இப்ப பையச் சுத்துதா... இப்ப இன்னும் பைய... ஏளா, நின்னுட்டு! தலகீழா நின்னுட்டா! முகமெல்லாம் ரத்தமா ஏறுது, என்னால நிமித்த முடியல!"

நிமிர்ந்து பார்த்தார்கள். துணி இருந்த இறக்கை தரையைப் பார்த்து நின்றது. "அரைச் சுத்து திருப்பு" என்றான் ஒருவன். "எந்தப் பக்கம் தலைன்னு தெரியுமாவே ஒமக்கு?" என்று இன்னொருவர் சண்டைக்குப் போனார். கரை இருக்கிற பக்கம்தான் தலை என்றது ஒரு கூட்டம், கரை எப்போதும் காலுக்குத்தான் வரும் என்றது இன்னொரு கூட்டம். "கரை காலுக்குத்தான், கட்டுறவ நான் சொல்லுதேன்!" என்று செல்வகனி கத்தினாள். ஸ்டான்லி மறுபடி திருப்பிப் பூட்டிவிட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே ஏறினான். போனில் புஷ்பகாந்தி அழுதுகொண்டே சொன்னாள். "நிமிந்துட்டா. ஆனா வெறும் குளிரு. கையி காலெல்லாம் ஐஸா கெடக்கு. வெரசா பாருங்க."

அவன் உச்சிக்குப் போய் வெளியே தலையை நீட்டுவதற்குள் காற்று துணியை எடுத்துக்கொண்டது.

சிறகு முளைத்த மாதிரி அது ஒரு நிமிஷம் மேலேயே நின்றது. பிறகு இறங்கியது. கீழே முழுக்க உடைமரக் காடு, விரல் நீளத்துக்கு முள். பெண்கள் நாலு நாலு பேராக நாலு முனையைப் பிடித்துப் போர்வைகளை விரித்துக்கொண்டு முள்ளுக்குள் ஓடினார்கள். துணி கிழக்கே வந்தால் போர்வைகள் கிழக்கே ஓடின, வடக்கே சாய்ந்தால் வடக்கே ஓடின. எல்லார் வாயிலும் ஒரே வார்த்தைதான், "வாட்டி, எம் மக்கா, இங்கன வாட்டி" என்று துணியைப் பார்த்துக் கெஞ்சினார்கள். துணி எந்தப் போர்வைக்கும் வரவில்லை. எல்லாரையும் தாண்டிப் போய், ஆள் உயர உடைமரத்தின் மேல் சரிந்தபோது, செல்வகனி இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் முள்ளுக்குள் விட்டு, முள்ளுக்கும் துணிக்கும் நடுவில் தன் கையை வைத்தாள்.

ஒரே ஒரு முள் மட்டும் துணியின் ஓரத்தைக் கிழித்தது. மிச்சத்தை எல்லாம் அவள் கை வாங்கிக்கொண்டது. துணியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். அரைமணி நேரம் ஆடிக்காற்றில் சுற்றிய துணி காய்ந்து சருகாக இருக்க வேண்டும். அது ஈரமாக இருந்தது. சூடாகவும் இருந்தது.

போனில் புஷ்பகாந்தி அலறினாள். "மூத்திரம் பேஞ்சிட்டா! ஏளா கனி, எம் மேல பேஞ்சிட்டா! அழுதா பாரு, கேக்குதா?"

கேட்டது. செல்வகனி முள்ளுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முத்தரசியின் கணுக்காலில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று இருந்தது. கிழிசலைச் செல்வகனி வெள்ளை நூலால் தைத்தாள். ஒவ்வொரு தையலுக்கும் பிள்ளை சிணுங்கியது, புஷ்பகாந்தி அதை மடியில் வைத்து வாயில் கற்கண்டுத் தண்ணீர் தொட்டு வைத்தாள். அதன்பிறகு அந்த ஆடி முழுக்கவும் மறு ஆடியிலும் தெருவில் யாராவது ஒருத்தி முறை வைத்துக் கொடியடியில் காவல் இருந்தாள். காத்தாடி ஏன் நின்றது என்று கம்பெனியிலிருந்து கேட்டு வந்தவர்களிடம், கருடன் ஒன்று மாட்டிக்கொண்டது என்று ஊரே ஒரு வாயாகச் சொல்லி அனுப்பியது.

பிள்ளை உட்கார்ந்தது, நின்றது, நடந்தது. ஒன்றே முக்கால் வயதில் "மூச்சா" என்று சொல்லிக் கொல்லைப்பக்கம் ஓடப் பழகிக்கொண்டது. துணிகளுக்கு வேலை இல்லாமல் போனது. செல்வகனி இருபத்தொன்றையும் துவைத்துக் காயவைத்து, வேப்பிலை போட்டு ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்தாள். பெட்டி மேல் எதையும் ஏற்றவில்லை. பிள்ளைக்கு மூச்சு முட்டக் கூடாது என்று தினமும் இரண்டு வேளை மூடியைத் திறந்து வைத்தாள்.

அடுத்து வந்த ஆனி மாதம் புஷ்பகாந்தி ஏழு மாத வயிற்றோடு வந்து நின்றாள். பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு வந்த வயிறு. வாசற்படியில் உட்கார்ந்து, வேறு என்னென்னவோ பேசி, கடைசியில் கேட்டாள்.

"நல்லா வளந்த பிள்ளைக்குக் கட்டுன துணியத்தான் மொதல்ல கட்டணும்பாவ. எனக்குக் கேக்க வேற யாரு இருக்கா? அரசி துணியக் குடுப்பியா?"

இல்லை என்று சொல்லச் செல்வகனிக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்ல உயிர் வரவில்லை.

"அதுல இன்னும் எம் பிள்ள இருக்காளா இல்லையான்னு தெரியலியே மைனி."

தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் இருந்தது, அதைப் புஷ்பகாந்தி தன் வாயால் சொல்ல முடியாது. தன் இரண்டு கையையும் பார்த்துவிட்டுச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

செல்வகனி பெட்டியைத் திறந்து பச்சைக்கரைத் துணியை எடுத்தாள். வாளியில் முக்கினாள். முற்றத்தில் முத்தரசி கிளிப்புகளை ஒன்றோடொன்று மாட்டி ரயில் விட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே துணியின் முனையை இரண்டு விரலால் திருகினாள். கால் பெருவிரல் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினாள். கண்ணை மூடினால் பார்க்க முடியாது, திறந்து வைத்தால் தாங்க முடியாது. "எம் மக்கா, மன்னிச்சிரு" என்று சொல்லிவிட்டு, இத்தனை நாளும் செய்யாத அதைச் செய்தாள். தண்ணீர் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வடிய, முறுக்கிப் பிழிந்தாள்.

முத்தரசி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருவில் காற்று ஒரு பாலிதீன் பையை உருட்டிக்கொண்டு போவதைப் பார்த்தவள், சிரித்தாள், கிளிப்பைப் போட்டாள், திறந்திருந்த வாசல் வழியாக ரோட்டுப் பக்கம் அதன் பின்னால் ஓடினாள்.

செல்வகனி துணியை இழுத்தாள். இழுத்தால் பிள்ளை நிற்பாள் என்று கை இன்னும் நம்பிக்கொண்டிருந்தது. பிள்ளை நிற்கவில்லை. துணி சும்மா துணியாக இருந்தது. கொடியில் இருந்தவரை எண்ணிப் பார்த்துவிடலாம், நாலு கிளிப் போடலாம், தெருவைக் கூட்டிப் போர்வை விரிக்கலாம். இனிமேல் எதை எண்ணுவது, எங்கே கிளிப் போடுவது? பெட்டியோடு இருபத்தொன்றையும் புஷ்பகாந்தியின் முன்னால் தள்ளிவிட்டு, காலில் செருப்புக்கூடப் போடாமல், "அரசீ! அரசீ!" என்று கத்திக்கொண்டு காற்றுக்குள் ஓடினாள்.